‘நீங்களேதானே பார்ப்பீங்க, சார்?’

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கட்சிக்காரர் கேட்கும் கேள்வி இது. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஆவணம், தேதி, ஃபீஸ் என்று எவ்வளவோ பேசியிருப்பார்கள். அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது என்னவோ இந்த ஒன்றுதான். சீனியரும் சிரித்துக்கொண்டே, "நான் பார்க்காம வேற யார் பார்ப்பா?" என்பார். மூன்று பேர் இருக்கும் அலுவலகத்தில் அது உண்மை. நாற்பது வழக்கறிஞர்கள், மூன்று ஊர்களில் கிளை என்று ஆன பிறகும் அதே பதிலைச் சொன்னால், அதில் எத்தனை சதவீதம் உண்மை என்பது சொல்கிறவருக்கே தெரியும்.

ஒரு வட்டாரத்தை நம்பி நடக்கும் நடுத்தர சட்ட நிறுவனங்களின் சிக்கல் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. கண்டம்விட்டுக் கண்டம் கிளை பரப்பிய நிறுவனத்துக்கு இந்தத் தர்மசங்கடம் அவ்வளவாகக் கிடையாது. அங்கே போவது பெரும்பாலும் இன்னொரு பெரிய நிறுவனம். தன் பக்கமும் சம்பளத்துக்கு வக்கீல்களை வைத்துக்கொண்டு போகிறது. தனி ஆளாக அலுவலகம் நடத்துபவருக்கும் கிடையாது. அவர் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் யாரும் இல்லை. நடுவில் இருப்பவர் பாடுதான் திண்டாட்டம். ஆளைப் பார்த்து வந்த கட்சிக்காரர்களை வைத்துக்கொண்டே அவர் ஒரு நிறுவனமாக மாற வேண்டியிருக்கிறது.

இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று தள்ளிவிட முடியாது. 1999ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு சின்ன ஃபீஸ் வழக்கு வந்தது. ஒருவர் சட்ட நிறுவனம் ஒன்றுக்குப் போன் செய்து, குடும்ப விவகாரம் ஒன்றுக்காக ஒரு சொலிசிட்டரை (அங்கே கட்சிக்காரரை நேராகச் சந்தித்து வேலை பார்க்கும் வக்கீல்) பார்க்க வேண்டும் என்று நேரம் கேட்டார். நேரம் கிடைத்தது. ஆனால் அவரைச் சந்தித்ததும் வேலையைப் பார்த்ததும் சொலிசிட்டர் தகுதி இல்லாத ஓர் ஊழியர். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. வேலை மோசமாகவும் இல்லை. தேர்ந்த சொலிசிட்டர் செய்கிற தரத்தில்தான் இருந்தது. விஷயம் தெரிந்ததும் அவர் பாக்கி ஃபீஸைக் கொடுக்க மாட்டேன் என்றார். நிறுவனம் வழக்குப் போட்டுத் தோற்றது. அவர் கேட்டது சொலிசிட்டரின் சேவை. கொடுக்கப்பட்டது அது இல்லை. எனவே ஒப்பந்தத்தை நிறைவேற்றியதாகவே ஆகாது என்றது நீதிமன்றம்.

எனக்கு இந்த வழக்கில் முக்கியமாகப் படுவது வரவேற்பு மேசை. போனை எடுத்தவர், "உங்களைப் பார்க்கப் போகிறவர் சொலிசிட்டர் இல்லை, ஆனால் இந்த மாதிரி விவகாரங்களில் அனுபவம் உள்ளவர், சரியா?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்ததில் தவறில்லை. சொல்லாமல் ஒப்படைத்ததுதான் வினை. வளர்கிற நிறுவனங்களில் கட்சிக்காரர்கள் மனம் கசந்து போகும் கதைகள் முக்கால்வாசி இந்த ரகம்தான்.

சரி, எதற்கு வளர வேண்டும்? பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். உள்ளே போய்ப் பார்த்தால் காரணங்கள் அத்தனை அசிங்கமாக இல்லை. பத்து வருடம் முன்பு கடை வாடகை ஒப்பந்தம் எழுத வந்தவர் இன்று தொழிற்சாலை வைத்திருக்கிறார். அவருக்கு வரி, தொழிலாளர் சட்டம், வணிகச் சின்னம் என்று எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். இல்லை என்றால் அவர் வேறு இடம் தேடிப் போவார். அப்புறம், கெட்டிக்கார ஜூனியர் ஒருவரை ஏழெட்டு வருடம் ஜூனியராகவே வைத்திருக்க முடியாது. மேலே இடம் இல்லை என்று தெரிந்தால் தனியாகப் போய்விடுவார், போகும்போது நாலு கட்சிக்காரர்களும் கூடப் போவார்கள். சீனியருக்கும் வயது ஏறுகிறது. ஒரே நாளில் இரண்டு நீதிமன்றத்தில் அவர் வழக்குக் கட்டு வந்தால் ஒன்றில் வாய்தாதான் கேட்க முடியும். அவர் காய்ச்சலில் படுத்தால் அலுவலகமே படுக்கும்.

சின்ன அலுவலகம் என்றால் தனிப்பட்ட கவனம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். தலைக்கு மேல் வேலை வைத்திருக்கும் ஒற்றை ஆள் வக்கீலைப் போல எட்டாத மனிதர் யாரும் இல்லை. அவர் போனை எடுக்காவிட்டால் எடுப்பதற்கு இரண்டாவது ஆள் கிடையாது.

வளர்ச்சிக்குப் பழைய காலத்தில் சட்டமே ஒரு கட்டை போட்டு வைத்திருந்தது. இங்கிலாந்தில் 1967 வரை இருபது பேருக்கு மேல் சொலிசிட்டர்கள் ஒரே கூட்டாண்மையில் சேர முடியாது. அந்த ஆண்டு வந்த கம்பெனிச் சட்டம்தான் அந்த வரம்பை எடுத்தது. வரம்பு இல்லாத இடங்களில்கூட இன்னொரு பயம் இருந்தது. சாதாரணக் கூட்டாண்மையில் ஒரு பார்ட்னர் செய்த தவறுக்கு மற்ற எல்லோருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பு. பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு காலக்கெடுவைத் தவறவிட்டால் உங்கள் வீடு போகலாம். அதனால் நன்றாகத் தெரிந்த ஆளைத்தான் பார்ட்னராகச் சேர்த்துக்கொண்டார்கள். தெரிந்த ஆட்கள் எத்தனை பேர் இருந்துவிட முடியும்?

அந்தப் பயத்துக்கு முதலில் மருந்து கண்டது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், 1991ல். எண்பதுகளில் அங்கே சேமிப்பு வங்கிகள் வரிசையாகச் சரிந்தபோது, அவற்றுக்கு ஆலோசனை சொன்ன சட்ட நிறுவனங்கள் மேலும் வழக்குகள் பாய்ந்தன. அந்த வங்கியின் பெயரைக்கூடக் கேள்விப்படாத பார்ட்னர்கள் நடுங்கிப் போனார்கள். அதிலிருந்துதான், ஒரு பார்ட்னர் செய்த தவறுக்கு மற்றவர் சொந்தச் சொத்து போகாத வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை என்ற ஏற்பாடு பிறந்தது. பிரிட்டன் 2000லும் இந்தியா 2008லும் இதற்கெனச் சட்டம் இயற்றின. தொழிலுக்கு நல்லதுதான். ஆனால் கூடவே ஒன்று போயிற்று. பக்கத்து அறைக்காரர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்க்கும் அவசியம் குறைந்துவிட்டது. முன்பு பயம் செய்த மேற்பார்வையை இனி யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ய வேண்டும். சில நிறுவனங்கள் அதைச் செய்கின்றன: வெளியே போகும் ஒவ்வொரு முக்கியமான வரைவையும் இரண்டாவது ஆள் படிப்பது, காலக்கெடுவை இரண்டு டைரியில் குறிப்பது. பல நிறுவனங்கள் வளர்ந்த பிறகுதான், அதுவும் ஓர் அடி வாங்கிய பிறகுதான், இதையெல்லாம் யோசிக்கின்றன.

வளர்ச்சி ஒரு தடவை ஆரம்பித்தால் தானாக ஓடுவதற்கும் காரணம் உண்டு. நியூயார்க்கில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் கிராவத் என்ற வழக்கறிஞர் ஒரு முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சட்டக் கல்லூரியிலிருந்து நேராக நல்ல மாணவர்களை எடுப்பது, உள்ளேயே வைத்துப் பழக்குவது, சில வருடங்களில் பார்ட்னர் ஆக்குவது அல்லது வெளியே அனுப்புவது. பெரிய நிறுவனங்கள் எல்லாம் பின்னால் இதையே பிடித்துக்கொண்டன. மார்க் கேலன்டர், தாமஸ் பாலே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதன் உள்கணக்கை விளக்கினார்கள். புதிதாகப் பார்ட்னர் ஆகிறவருக்குக் கீழே அவருக்கென்று ஜூனியர்கள் வேண்டும். அவர்களில் சிலர் பார்ட்னர் ஆவார்கள். அவர்களுக்கும் ஜூனியர்கள் வேண்டும். ஆக, நிறுவனம் அதே அளவில் நிற்க நினைத்தாலும் நிற்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சீனியர் கையில் அறுபது நடப்பு வழக்குகள். ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை இருபது நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 மணி நேரம். பதினைந்து நாளில் பன்னிரண்டு வேலை நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் கையில் 120 மணி நேரம். அதில் 20 போனால் தாங்கும். இப்போது நான்கு ஜூனியர்கள் சேர்கிறார்கள், ஆளுக்கு அறுபது வழக்கு. மொத்தம் முந்நூறு. எல்லாக் கட்சிக்காரர்களும் சீனியர்தான் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தால் 100 மணி நேரம் பேச்சிலேயே போகும். நீதிமன்றத்துக்குப் போக, வரைவைப் படிக்க, ஜூனியருக்குச் சொல்லிக்கொடுக்க மிச்சம் இருப்பது 20 மணி நேரம். "நான்தான் பார்ப்பேன்" என்ற வாக்குறுதியை இந்தக் கணக்கு இரண்டாவது வருடமே உடைத்துவிடும். உடைந்தது மட்டும் யாருக்கும் அறிவிக்கப்படாது. சீனியர் திருப்பிக் கூப்பிடுவது மெதுவாகக் குறையும், அவ்வளவுதான். முதலில் அன்றே, பிறகு மறுநாள், பிறகு குமாஸ்தா மூலமாக.

எத்தனை ஜூனியருக்கு ஒரு சீனியர் என்ற விகிதத்தை நிறுவனங்கள் லாபக் கணக்காகத்தான் பார்க்கின்றன. ஜூனியரின் சம்பளத்துக்கும் அவர் வேலைக்கு வாங்கும் ஃபீஸுக்கும் உள்ள வித்தியாசம்தானே பார்ட்னரின் வருமானம். ஆனால் அதே எண்தான் கட்சிக்காரருக்கு எவ்வளவு கவனம் கிடைக்கும் என்பதையும் முடிவு செய்கிறது. பாகப்பிரிவினை, உயில், குடும்ப வழக்கு என்று மனிதர்கள் நேராக வரும் வேலைக்கு ஒரு சீனியருக்கு ஒன்று அல்லது இரண்டு ஜூனியர் என்பதே ஜாஸ்தி. கடன் வசூல் போல ஒரே மாதிரிக் கட்டுகள் நூறு வரும் வேலைக்கு ஆறு, ஏழு பேர்கூட இருக்கலாம். அங்கே யாரும் சீனியரைத் தேடுவதில்லை. எல்லாப் பிரிவுக்கும் ஒரே விகிதம் வைக்கிற நிறுவனத்தில் ஏதோ ஒரு பிரிவின் கட்சிக்காரர்கள் கண்டிப்பாக அவதிப்படுகிறார்கள் என்று அர்த்தம்.

ஃபீஸ் வாங்கும் முறை இதில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். போனில் வருகிறது.

பாஸ்டனில் ஏழைகளுக்கான சட்ட உதவிச் சங்கத்தை நடத்திவந்த ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் என்பவர் 1919ல் ஒரு தனியார் சட்ட நிறுவனத்துக்கு வந்து அதன் நிர்வாகத்தை ஏற்றார். வழக்கறிஞர்கள் ஒவ்வொருவரும் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழித்தார்கள் என்று தினமும் எழுதி வைக்கும் பழக்கத்தைப் பரப்பியவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். உள்ளே எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்துகொள்ள வந்த குறிப்பேடு அது; போகப் போக அதுவே கட்சிக்காரருக்குப் போகும் பில் ஆயிற்று. 1958ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் வெளியிட்ட ஒரு கையேடு, மற்ற தொழில்காரர்களைவிட வக்கீல்களின் வருமானம் பின்தங்கிவிட்டது, நேரத்தைக் குறித்து வையுங்கள் என்றது. வருடத்துக்குச் சுமார் 1,300 மணி நேரம் பில் போடலாம் என்று அதில் கணக்கு. இன்றைக்குப் பெரிய நிறுவனங்களில் 1,900, 2,000 என்பதே சாதாரண இலக்கு.

அதற்கு முன்பு வேறு ஒரு முறை இருந்தது. வேலைக்கு இவ்வளவு என்று வட்டார வழக்கறிஞர் சங்கங்களே குறைந்தபட்ச ஃபீஸ் பட்டியல் போட்டிருந்தன. வர்ஜீனியாவில் வீடு வாங்கிய ஒரு தம்பதி பத்திரச் சோதனைக்கு வக்கீல் தேடினார்கள். பட்டியல்படி வீட்டு மதிப்பில் ஒரு சதவீதம் என்றார் முதலில் பார்த்த வக்கீல். குறைவாக வாங்குபவர் யாராவது உண்டா என்று அந்த வட்டாரத்தில் இன்னும் 36 பேருக்குக் கடிதம் எழுதினார்கள். 19 பேர் பதில் போட்டார்கள், ஒருவர்கூடக் குறைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1975ல் இப்படிப் பட்டியல் போடுவது போட்டியைத் தடுக்கும் செயல் என்று தீர்ப்பாயிற்று. சரியான தீர்ப்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் பட்டியல் போன இடத்தில் மணிக்கணக்கு முழுசாக வந்து உட்கார்ந்தது.

மணிக்கணக்கில் ஆறு நிமிடம் ஓர் அலகு. "என் கேஸ் என்ன ஆச்சு?" என்று கேட்கும் ஒரு நிமிட போனும் ஓர் அலகாகப் பில்லில் ஏறலாம். இது தெரிந்த கட்சிக்காரர் போன் செய்ய மாட்டார். போன் செய்யாததால் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விடுவார்: எதிர்த்தரப்புக்காரர் நேற்று வந்து சமாதானம் பேசிவிட்டுப் போனார் என்பது மாதிரி. அது விசாரணை அன்று வெளியே வரும். தனிப்பட்ட சேவையை உண்மையிலேயே காப்பாற்ற நினைக்கும் நிறுவனங்கள் செய்யும் முதல் காரியம், சின்னச் சின்ன விசாரிப்புகளைப் பில்லிலிருந்து எடுத்துவிடுவது. இரண்டாவது, எவ்வளவு வேலை என்று கணிக்க முடிகிற விவகாரங்களுக்கு மொத்தமாக ஒரு தொகை சொல்லிவிடுவது. இதில் நிறுவனத்துக்கு ஒரு ஆபத்து உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மொத்தத் தொகை என்றால் ஜூனியர் வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார்; கட்சிக்காரரிடம் பேசுவதுதான் அப்போது முதலில் வெட்டப்படும் செலவு. எந்த முறையிலும் பேச்சுக்குத்தான் ஆபத்து வருகிறது, பாருங்கள்.

கட்சிக்காரர்கள் எதைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்பதும் இதையே காட்டுகிறது. வழக்கு தோற்றதைவிட, என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை, வேலை நகரவில்லை என்பவைதான் அதிகம். இங்கிலாந்தில் சட்டச் சேவைப் புகார்களைக் கவனிக்க 2010 முதல் ஒரு குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தாமதமும் தகவல் சொல்லாமையும் அங்கே எப்போதும் முன்வரிசையில் நிற்பவை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளும் கட்சிக்காரருக்கு நிலவரத்தைத் தெரியப்படுத்துவதைக் கடமையாகவே வைத்திருக்கின்றன, மரியாதைக்காகச் செய்யும் காரியமாக இல்லை.

இதற்கு நிறுவனங்கள் உடனே ஒரு மென்பொருள் வாங்கிவிடுகின்றன. ‘தங்கள் வழக்கு இந்தத் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது’ என்று தானாகக் குறுஞ்செய்தி போகும். நல்லதுதான். ஆனால் அந்தச் செய்தியைப் பார்த்தவுடன் கட்சிக்காரர் மனதில் எழுவது "ஏன்?" என்ற கேள்வி. நீதிபதி விடுப்பா, எதிர்த்தரப்பு நேரம் கேட்டதா, அல்லது நம் ஆளே போகவில்லையா? தேதியை மென்பொருள் சொல்லிவிடும். காரணத்தை அன்று நீதிமன்றத்தில் நின்றவர்தான் சொல்ல முடியும். நான் பார்த்தவரை, நன்றாக நடக்கும் ஓர் அலுவலகத்தின் அடையாளம் அங்கேதான் தெரிகிறது. வாய்தா முடிந்து வெளியே வந்த ஜூனியர், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வராந்தாவில் நின்றபடியே கட்சிக்காரரைக் கூப்பிட்டு, "அம்மா, இன்னைக்கு நம்ம பக்கம் ரெடியா இருந்தோம், அவங்க சாட்சியைக் கூட்டிட்டு வரல, அடுத்த தடவை கடைசி வாய்ப்புன்னு ஜட்ஜ் சொல்லிட்டார்" என்று சொல்லிவிடுவார். ஒன்றரை நிமிடம். அதற்குப் பிறகு அந்த அம்மா சீனியரைத் தேடி அலுவலகத்துக்கு வரவே மாட்டார்.

இன்னொரு விஷயம், நினைவு. பழைய சீனியர் ஒருவருக்குக் கட்சிக்காரரின் கதை முழுக்கத் தலைக்குள் இருக்கும். அண்ணன் தம்பிக்குள் எந்த வருடம் பேச்சு நின்றது, யார் சொன்னால் அவர் கேட்பார், எந்த வார்த்தையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார். நிறுவனம் வளர்ந்தால் அந்தத் தலை எல்லா அறையிலும் இருக்க முடியாது. வழக்குக் கட்டில் எழுதி வைத்தால்தான் உண்டு. ‘வலது காது கேட்காது, போனில் பேச வேண்டாம், கடிதம் போடவும்.’ ‘கணவர் இறந்த தேதியைக் குறிப்பிடும்போது மெதுவாக.’ ‘மகளின் தேர்வு மாதம், அதற்கு முன் விசாரணைத் தேதி கேட்க வேண்டாம்.’ இப்படி நாலு வரி கட்டின் முதல் பக்கத்தில் இருந்தால், நேற்றுச் சேர்ந்த ஜூனியர்கூட அந்த மனிதரிடம் புதிதாக நடந்துகொள்ள மாட்டார். எழுதும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும்: அந்தக் கட்டு ஒரு நாள் கட்சிக்காரர் கைக்கே போகலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2000லேயே, ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று சொல்லி வழக்கறிஞர் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ‘ரொம்பத் தொணதொணப்பு’ என்று முதல் பக்கத்தில் எழுதி வைத்த அலுவலகத்தை அப்புறம் யாரும் காப்பாற்ற முடியாது.

வளரும் வழி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதும் இல்லை. 1974ல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் பேட்ஸ், வான் ஓஸ்டீன் என்ற இரண்டு இளம் வழக்கறிஞர்கள் ஒரு ‘சட்ட கிளினிக்’ தொடங்கினார்கள். சண்டை இல்லாத விவாகரத்து, தத்தெடுப்பு, பெயர் மாற்றம், எளிய திவால் மனு ஆகிய வழக்கமான வேலைகளை மட்டும் எடுத்தார்கள். உதவியாளர்களையும் தயார் படிவங்களையும் வைத்து ஃபீஸைக் குறைத்தார்கள். குறைந்த ஃபீஸில் பிழைக்க நிறையப் பேர் வர வேண்டுமே. 1976ல் ஃபீஸ் விவரத்தோடு செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்கள். வழக்கறிஞர் விளம்பரம் செய்யக்கூடாது என்று மாநில அமைப்பு நடவடிக்கை எடுத்தது. 1977ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வித்தியாசத்தில் அந்தத் தடை செல்லாது என்றது.

அந்த வழக்கை விளம்பர உரிமை வழக்காகத்தான் சட்டக் கல்லூரியில் படிப்பார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்த இருவரும் எதை எடுக்கமாட்டோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கூட்டத்தைக் கூப்பிட்டார்கள். வட்டார நிறுவனங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வருகிற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பிறகு ஆளைத் தேடுகின்றன. மறுக்கத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு: இந்தியா உட்பட வழக்கறிஞர் விளம்பரத்துக்குத் தடை உள்ள இடங்களில் வாய்ச்சொல்தான் ஒரே விளம்பரம். இன்று திருப்பி அனுப்பியவர் நாளை யாரிடம் என்ன சொல்வாரோ என்ற பயம். அனுபவம் உள்ளவர்கள் மறுக்கும்போதே, "இதுக்கு இவர்தான் சரி, நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று இன்னொரு வக்கீலின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அப்படி அனுப்பப்பட்டவர் வாழ்நாளுக்கும் நன்றியோடு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நலன் முரண், அதாவது எதிரும் புதிருமான இரண்டு பேருமே ஒரே அலுவலகத்தின் கட்சிக்காரர்களாக இருப்பது, பெரிய நகரத்து நிறுவனங்களின் தலைவலி என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு வட்டாரத்துக்குள் வேலை செய்பவர்களுக்குத்தான் அது அதிகம் உறுத்தும். தொழிற்சாலையும் நம் கட்சிக்காரர், அதில் வேலை செய்து நீக்கப்பட்டவரின் மாமாவும் நம் கட்சிக்காரர். பத்து பேர் இருந்த அலுவலகம் பக்கத்து ஊர் அலுவலகத்தோடு சேர்ந்து இருபது பேர் ஆகிறது என்றால், இரண்டு பட்டியலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்தால், ஒரே வழக்கின் இரண்டு பக்கமும் ஒரே கூரைக்குக் கீழே வந்திருப்பது தெரியும். ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். விடப்படுவது பெரும்பாலும் சின்னவர்தான், இதில் வேஷம் போட ஒன்றுமில்லை.

நடுவில் சுவர் எழுப்பிவிட்டால் போதுமே, இந்த அறைக்காரர் அந்தக் கட்டைப் பார்க்க மாட்டார் என்று சொல்வதும் வழக்கம். புரூணை இளவரசர் ஜெஃப்ரி, கே.பி.எம்.ஜி. கணக்காய்வு நிறுவனத்துக்கு எதிராகப் போட்ட வழக்கில் 1998 டிசம்பரில், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதைப் பார்த்தது. ஒரு காலத்தில் இளவரசரின் ரகசிய நிதி விவரங்களை வைத்து அவருக்கு வழக்கு உதவி செய்த நிறுவனம், பிறகு அவருக்கு எதிராகப் போகக்கூடிய விசாரணை ஒன்றை எடுத்துக்கொண்டது. சுவர் இருக்கிறது என்றது. அவசரத்துக்கு எழுப்பிய சுவர் போதாது, ரகசியம் கசியும் உண்மையான ஆபத்து இல்லை என்பதை நிறுவனம்தான் காட்ட வேண்டும் என்றது சபை. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்த நிறுவனத்துக்கே இந்தக் கதி. ஒரே குமாஸ்தாவும் ஒரே தேநீர் மேசையும் உள்ள இருபது பேர் அலுவலகத்தில் சுவர் எங்கே எழுப்புவது?

வெளியிலிருந்து பார்ட்னர்களை அழைத்து வந்து வளர்வது இன்னொரு குறுக்குவழி. அவரோடு அவருடைய கட்சிக்காரர்களும் வருவார்கள் என்ற கணக்கு. டூயி லெபோஃப் என்ற அமெரிக்க நிறுவனம் 2007ல் இரண்டு பழைய நிறுவனங்கள் இணைந்து பிறந்தது. ஆயிரத்துக்கும் மேல் வழக்கறிஞர்கள். பெயர் பெற்றவர்களுக்கு இவ்வளவு வருமானம் நிச்சயம் என்று வாக்குக் கொடுத்து இழுத்தது. வருமானம் அந்த வாக்குக்கு எட்டவில்லை. 2012ல் திவாலானது, அமெரிக்க சட்ட நிறுவனங்களின் வரலாற்றில் அவ்வளவு பெரிய திவால் அதுவரை இல்லை. பார்ட்னர்கள் கிளம்பியபோது கட்சிக்காரர்களும் கிளம்பினார்கள். அதைத் தடுக்கவும் முடியாது. விலகும் வழக்கறிஞர் இன்ன இடத்தில் தொழில் செய்யக்கூடாது என்று ஒப்பந்தம் போடுவதை அமெரிக்க மாதிரி விதிகள் தடுக்கின்றன. தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை என்பதுதான் அதன் அடிப்படை.

அதனால்தான் இப்போது புத்திசாலி நிறுவனங்கள் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் இரண்டு முகம் காட்டுகின்றன. முதல் சந்திப்பிலேயே சீனியரும் ஜூனியரும் சேர்ந்து உட்கார்வார்கள். சேவைக்காக என்பார்கள். ஒருவர் விலகினால் கட்சிக்காரர் கூடவே போய்விடாமல் இருக்கவும்தான். இரண்டாவது காரணம் கொஞ்சம் சுயநலம் என்றாலும் கட்சிக்காரருக்கு அதனால் லாபமே, எனவே நான் குறை சொல்லமாட்டேன். ஒரு நிபந்தனை மட்டும்: ஜூனியர் அந்தச் சந்திப்பில் வாயைத் திறந்து பேச வேண்டும். ஓரமாக உட்கார்ந்து குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால், கட்சிக்காரர் கண்ணுக்கு அவர் எழுத்தர்தான். அடுத்த மாதம் அவர் போனில் பேசும்போது, "சாரைக் கூப்பிடுங்க" என்றுதான் பதில் வரும்.

சீனியர் ஓய்வு பெறும்போது இது முழுசாக வெளிப்படும். ஒரு கடிதம் அடித்து, ‘இனி தங்கள் வழக்குகளை இன்னார் கவனிப்பார்’ என்று அனுப்பிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கடிதம் கிடைத்த வாரமே பாதிப் பேர் கட்டைக் கேட்டு வருவார்கள். வேறு மாதிரி செய்த ஒருவரை எனக்குத் தெரியும். ஓய்வுக்கு ஒன்றரை வருடம் முன்பிருந்தே அவர் தன் மேசையில் ஜூனியரை உட்காரவைத்துவிட்டு, தான் பக்கவாட்டு நாற்காலிக்கு மாறிக்கொண்டார். கட்சிக்காரர் உள்ளே வந்து ஒரு கணம் தடுமாறுவார், யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல். சீனியர் கையை நீட்டி மேசைப் பக்கம் காட்டுவார். முதல் தடவை கட்சிக்காரர் பேச்சு முழுக்க அவர் பக்கமே திரும்பியிருக்கும். இரண்டாவது தடவை பாதி. ஒரு நாள் வயதான கட்சிக்காரர் ஒருவர் வந்து, நேராக மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கட்டைப் பிரித்து ஜூனியரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு எழுந்தார். போகும்போதுதான் பக்கத்து நாற்காலியைக் கவனித்து, "அட, நீங்களும் இருக்கீங்களா சார்?" என்றார்.